ஜமீன்தாரின் மகள்கள்

முயல் வளர்க்கக் கற்றுக்கொள்ள தெய்வானையிடம் வந்தவர்களில் நாச்சிமுத்துதான் மூத்தவர். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெய்வானை அவருடைய மூத்த மகளைவிடச் சின்னவள். ஆனாலும் முதல் நாளே அவளை "வாத்தியாரம்மா" என்று கூப்பிட்டார். அவள் அவரை "ஐயா" என்றாள். இரண்டு பேரும் அதைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

மலையடிவாரத்தில், ஓடைக்கு மேலே, கீற்று வேய்ந்த நீளமான கொட்டகை அவளுடையது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் முயல் என்றால் தெய்வானைதான். அதிகம் பேச மாட்டாள். யாராவது கேள்வி கேட்டால் கூண்டைத் திறந்து ஒரு முயலை எடுத்துக் கையில் கொடுப்பாள். பதில் அதில் இருக்கும். கேட்டவர் தேடிக்கொள்ள வேண்டும்.

நாச்சிமுத்து தேடிக் கற்றுக்கொண்டார். தன் முடியைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போடும் பெட்டை எது, ஈன்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காத பெட்டை எது என்று கவனித்தார். நல்ல தாய்க்குப் பிறந்ததை வைத்துக்கொண்டார். மற்றதைக் கறிக்குக் கொடுத்தார். சில வருடங்கள் இப்படிப் போன பிறகு அவர் கொட்டகையில் ஒரு சாம்பல் நிற ஆண் முயல் பிறந்தது.

அகன்ற தோள். தொடையில் கெட்டியான சதை. தூக்கினால் உதறாது, பிறாண்டாது. கூண்டுக்குள் அது உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து 'ஜமீன்தார்' என்று பெயர் வைத்தார்.

மாவட்டக் கால்நடைக் கண்காட்சியில் ஜமீன்தாருக்கு முதல் பரிசு கிடைத்தது. கோப்பையை மனைவி பிடித்துக்கொள்ள, முயலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் கிண்டலாக முயலுக்கும் டிக்கெட் கேட்டார். நாச்சிமுத்து நிஜமாகவே எடுத்தார்.

இறங்கியதும் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே தெய்வானையிடம் போனார்.

அவள் முயலை வாங்கிக் கோணிச் சாக்கின் மேல் உட்கார வைத்தாள். முதுகெலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். காதுக்குள் பார்த்தாள். உதட்டை விரித்துப் பல்லைப் பார்த்தாள். நான்கு கால்களின் நகங்களையும் பார்த்தாள்.

"நல்ல முயலுங்க ஐயா."

அவர் இன்னும் ஏதாவது வருமென்று காத்திருந்தார். வரவில்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"இதை நான் எல்லா முயலுக்கும் சொல்றதில்லீங்களே."

அவருக்கு அது போதுமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பக்கத்து ஊரு மகளிர் குழுத் தலைவி பூவாத்தா வந்து கேட்டுட்டுப் போயிருக்குதுங்க. வீட்டுக்கு வீடு கூண்டு வைக்கறாங்களாம். எல்லாத்துக்கும் ஜமீன்தார் வாரிசுதான் வேணுமாம். குடுக்கலாமுங்களா?"

"அவனுக்குப் பெட்டைக் குட்டிங்க இருக்குதுங்களா?"

"ரெண்டு இருக்குது. பருவத்துக்கு வரப்போகுதுங்க."

"அதுகளை அவனோடவே இணைக்கு விட்டுப் பாருங்க. அப்புறம் சொல்றேன்."

நாச்சிமுத்துவுக்கு முகம் மாறியது.

"அப்பனையும் மகளையுமா? சொந்தத்துக்குள்ள சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பெருக்கறதுக்குச் சேர்க்கக் கூடாதுங்க. தெரிஞ்சுக்கறதுக்குச் சேர்க்கலாம்."

"என்னத்தைத் தெரிஞ்சுக்க?"

"அவன் வெளியில காட்டாததை. ஒளிஞ்சிருக்கற குறை அப்பன்கிட்டயும் மகள்கிட்டயும் இருந்தாத்தான் குட்டியில வெளிய வருமுங்க."

"கண்காட்சியில மூணு டாக்டருங்க பார்த்தாங்க வாத்தியாரம்மா. ஒரு குறை சொல்லலை."

"அவங்க முயலைப் பார்த்திருக்காங்க" என்றாள் தெய்வானை. "நீங்க பரம்பரையைக் குடுக்கப் போறீங்க."

நாச்சிமுத்து முயலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஆலையில் அவர் சொல்லி மற்றவர்கள் கேட்டுத்தான் பழக்கம். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"சேர்த்துப் பார்க்கறேன். குறை இல்லைன்னு காட்டிப்போட்டு வந்து பேசறேன்."

"அப்படிக் காட்டினீங்கன்னா எனக்கும் ஒரு குட்டி வேணும்" என்றாள் அவள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பூவாத்தாளிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அவள் முணுமுணுத்தாள். மற்ற பெண்களும் முணுமுணுத்தார்கள். ஜமீன்தார் பெயரைச் சொன்ன பிறகு வேறு முயலை வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

மகள்கள் பருவத்துக்கு வந்தன. இரண்டையும் ஜமீன்தாரோடு இணைக்கு விட்டார். இரண்டும் ஒரே வாரத்தில் ஈன்றன. சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்று குட்டிகள். கண் திறந்ததும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விளையாடின. ஒன்றிலும் குறை இல்லை.

நாச்சிமுத்து தெய்வானைக்குப் போன் போட்டார்.

"வந்து பாருங்க வாத்தியாரம்மா. அத்தனையும் ஜமீன்தார்தான்!"

"தாயை விட்டுப் பிரிச்சுத் தழை கடிக்கட்டுங்க ஐயா. அப்புறம் பார்க்கலாம்."

அவர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். தோற்றுப்போனவர்கள் நாள் கடத்துவார்கள் என்று மனைவியிடம் சொன்னார்.

குட்டிகள் தழை கடிக்கத் தொடங்கிய பிறகு ஜமீன்தாரின் மூத்த மகள் ஈன்ற குட்டிகள் மளமளவென்று வளர்ந்தன. இளையவளின் குட்டிகளில் இரண்டு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தன. வேலிமசால் தழைக்கட்டைக் கண்டதும் ஓடிவரும், வாயை வைக்கும், விட்டுவிடும். தாடை எச்சிலில் நனைந்திருந்தது. சளியாக இருக்கும் என்று நினைத்தார். ஒன்றை எடுத்து உதட்டை விரித்தார்.

கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி முன்னால் நீண்டிருந்தது. மேல்பல் உள்ளே வளைந்திருந்தது. தழையைக் கத்தரிக்க முடியாத வாய். மற்றதை எடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே.

ஜமீன்தாரின் வாயைத் திறந்து பார்த்தார். முத்துப் போல வரிசையான பல்.

நாச்சிமுத்து கூண்டுகளுக்கு நடுவில் கோணியைப் போட்டு உட்கார்ந்தார். மூத்தவளின் குட்டிகள் அவர் கண்ணெதிரே தழையைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தன. அழகான குட்டிகள். பல் நேராக இருந்தது. அதில் எது அந்தக் குறையைச் சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஜமீன்தாரைப் பார்த்தும் யாரும் சொல்லவில்லையே.

அப்போதுதான் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பூவாத்தாளும் குழுப் பெண்களும் கூடைகளோடு வந்து நின்றார்கள். பொறுத்தது போதும் என்று அவர்களே நாள் பார்த்து வந்துவிட்டார்கள். ஒருத்தி கூடைக்கு மஞ்சள்கூடத் தடவியிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்காவது குடுத்துடுவீங்களா?" என்றாள் பூவாத்தாள். அவள் பார்வை மூத்தவளின் குட்டிகள் மேல் போனது. "அடேயப்பா, என்ன அழகு!"

அந்தக் கூண்டைத் திறந்து கொடுத்திருந்தால் அவ்வளவுதான். அவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இளைத்த குட்டிகள் இரண்டும் கொட்டகையின் மூலையில் இருந்தன. அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து எழுந்து மூலைக்குப் போனார். இளைத்த குட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் பார்க்கும்படி உதட்டை விரித்துக் காட்டினார்.

"இதும் ஜமீன்தார் குட்டிதான். இதனால தழை கடிக்க முடியாது. பல்லை நறுக்கிவிட்டாக் கொஞ்ச நாள் தின்னும், அப்புறம் மறுபடியும் வளர்ந்துக்கும். இந்தக் குறை அவன் ரத்தத்துல இருக்குது. எந்தக் குட்டிக்கு இறங்கியிருக்குதுன்னு எனக்கே தெரியாது."

"பரிசு வாங்கின முயலுக்கா?" என்றாள் மஞ்சள் கூடைக்காரி.

"அந்த முயலுக்குத்தான்."

"எங்களுக்கு நல்ல பல் இருக்கறதாப் பார்த்துக் குடுங்கண்ணா."

"குடுத்தா உங்க வீட்டுல நல்லாத்தான் இருக்கும். அடுத்த வருசம் அக்கம் பக்கத்து வீட்டுக் குட்டிங்களைச் சேர்ப்பீங்க. அப்ப ஊர் பூராவும் இந்தப் பல்லுதான். நான் குடுக்க மாட்டேன்."

கூடைகள் காலியாகவே திரும்பிப் போயின.

டீக்கடையில் பேச்சு வேறு மாதிரிப் பரவியது. "மேஸ்திரி முயலுக்குப் பல் கோணலாமே" என்று சிரித்தார்கள். கோப்பையைத் திருப்பிக் கேட்பார்களா என்று ஒருவன் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டான். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் தெய்வானையின் கொட்டகைக்குப் போனார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"அவனை என்ன பண்ணட்டும்?"

"தின்னுட்டுத் தூங்கட்டும். அவன் என்ன தப்புப் பண்ணினான்? இணைக்கு மட்டும் விடாதீங்க."

"குட்டிங்களை?"

"குழம்புக்குப் போகலாம். இணைக்குப் போகக் கூடாதுங்க."

அவர் தலையாட்டினார். "அப்ப நான் மறுபடியும் முதல்ல இருந்து வரணுமுங்களா?" என்றார்.

தெய்வானை தன் கையிலிருந்த தழைக்கட்டில் பாதியைப் பிரித்து அவரிடம் கொடுத்தாள். இருவரும் கூண்டு கூண்டாகத் தழை வைத்துக்கொண்டு போனார்கள்.

ஜமீன்தாரின் ரத்தம் கலக்காத பழுப்பு முயல்கள் கொஞ்சம் நாச்சிமுத்துவிடம் மிச்சமிருந்தன. பார்ப்பதற்குச் சாதாரணம். அவற்றிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு ஆணையும் அதன் மகள்களோடு சேர்த்துப் பார்த்தார். ஒரு பரம்பரையில் குட்டிக்குக் கால் கோணியது. அதை நிறுத்தினார். இன்னொன்றில் தாய்க்குப் பால் போதவில்லை. அதையும் நிறுத்தினார். வெளியே அவரைப் பார்த்தால் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர் போலிருந்தது.

ஒரு நாள் பூவாத்தாள் தனியாக வந்தாள். சந்தையில் நிறைய முயல் கிடைக்கிறது, தெய்வானைகூடக் கொடுப்பதாகச் சொன்னாள், ஆனால் குழுவில் எல்லாரும் ஒரே பேச்சாக நிற்கிறார்கள் என்றாள்.

"என்ன பேச்சு?"

"உங்ககிட்ட வாங்கறதுன்னு. எப்ப ஆகுமோ அப்ப ஆகட்டுமுங்க."

நாச்சிமுத்து தண்ணீர்ச் செம்பை எடுத்து அவளிடம் நீட்டினார். அதைத் தவிர அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடுத்த வருடம், மழை முடிந்த பிறகு, பழுப்புக் குட்டிகள் அந்த ஊருக்குப் போயின. வீட்டுக்கு வீடு ஈன்றன. ஒரு வீட்டிலும் எச்சில் ஒழுகும் தாடை இல்லை. குட்டிகளைத் தின்னும் தாய் இல்லை. கூண்டுக்குள் கையை விட்டுச் சிறு குழந்தைகூட அவற்றைத் தூக்கலாம்.

குழு விழா வைத்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மைக், பொன்னாடை. நாச்சிமுத்து பேச வேண்டும் என்றார்கள். பந்தலுக்குப் பின்னால் சலவை வேட்டியைப் பிடித்துக்கொண்டு தவித்தபடி நின்றார். தெய்வானை பக்கத்தில் நின்றாள். அவரோடு வந்ததில் அவள் முகம் வழக்கத்தைவிட மலர்ந்திருந்தது.

"என்ன பேசறதுங்க வாத்தியாரம்மா? அப்ப கோப்பை இருந்துச்சு, ஜமீன்தார் இருந்தான். இப்பப் பழுப்பு முயலு. சொல்லிக்கற மாதிரி என்ன இருக்குது?"

"எல்லார் வீட்டுலயும் இருக்குதுங்களே."

"அது கொஞ்சம்தானுங்க. இத்தனை நாள்ல நான் வெளிய குடுத்ததைவிட, குடுக்காம நிறுத்தினதுதான் பல மடங்கு. அதையெல்லாம் மைக் முன்னாடி நின்னு சொல்ல முடியுமுங்களா?"

மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தெய்வானை அவர் தோளிலிருந்த துண்டைச் சரி செய்தாள்.

"நானா இருந்தா அதை மட்டுந்தான் சொல்லுவேன்."