குழந்தைவேலுவின் விளம்பரம்

ஏற்காட்டில் குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குரு ரெஜினா டீச்சர். தையல் கடை மாடியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர். சீடர் குழந்தைவேலு, காப்பித் தோட்டத்து மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்த சீசனும் ஆள் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூரில் மகன் வீட்டு பால்கனியில் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

டீச்சர் பெயரடைகளை வகை வகையாக நடத்தியிருந்தார். குணம் சொல்வது, எண்ணிக்கை சொல்வது, அளவு சொல்வது, சுட்டிக்காட்டுவது. மனுஷர் எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டார். விளம்பரம் எழுத உட்கார்ந்ததும் குணத்தை மட்டும் அள்ளிக் கொட்டினார். பியூட்டிஃபுல், வொண்டர்ஃபுல், லக்ஸூரியஸ் என்று ஒரே வரியில் பதினான்கு.

அதை நம்பி சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மறுநாள் காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"எங்கே தப்பு டீச்சர்? இன்னும் நாலு வார்த்தை சேர்க்கணுங்களா?"

டீச்சர் விளம்பரத்தைப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை என்றார். பிறகு, "என் சித்தி பதினோரு மணி பஸ்ல வர்றாங்க. கொஞ்சம் கூட்டிட்டு வர்றீங்களாண்ணா?" என்றார்.

"ஆள் எப்படி இருப்பாங்க?"

"அழகானவங்க. அருமையானவங்க. அற்புதமானவங்க."

குழந்தைவேலு போனார். பஸ்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். அதில் யாரிடம் போய், நீங்கள்தான் அந்த அழகானவரா என்று கேட்பது? இந்த வயதில் அடி வாங்குவது நல்லதில்லை என்று வெறுங்கையோடு திரும்பினார்.

டீச்சர் கோபிக்கவில்லை. சித்தி அங்கேயே டீக்கடையில்தான் காத்திருப்பார் என்றார்.

"குட்டையா இருப்பாங்க. மூணு பை. மஞ்சள் குடை, அதுல ஒரு கம்பி உடைஞ்சிருக்கும்."

கால் மணி நேரத்தில் சித்தி மாடியேறி வந்துவிட்டார். பின்னாலேயே மூன்று பைகளோடு குழந்தைவேலு, வாயில் முறுக்கு.

"நெசமாவே அருமையானவங்க டீச்சர். வர்ற வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும்தான்."

டீச்சர் விளம்பரத் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு அறைகள். பழைய ஓட்டு வீடு. செங்குத்தான நாற்பத்தொரு படிகள். குளிர்ந்த காலை. சத்தமான தவளைகள். சுட்டிக்காட்டவும் ஒன்று: இந்தப் பலா மரத்தடியில் ஒரு நீளமான பெஞ்சு. தவளையை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினார். இதைப் படித்துவிட்டு எவன் வருவான் என்று மனைவி கேட்டார். அவருக்கும் அதே பயம்தான்.

கரூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. விளம்பரத்தைப் பார்த்து, முட்டி வலிக்கிற தாத்தாவை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பிள்ளைகள் படியை எண்ணிக்கொண்டே ஏறினார்கள். நாற்பத்தொன்று சரியாக இருந்ததில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு நாளைக்கு வந்தவர்கள் ஐந்து நாள் இருந்தார்கள். போகும்போது மே மாதத்துக்கு இரண்டு அறைகளையும் பேசி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஓசூர்ப் பேச்சு அத்தோடு நின்றது. குழந்தைவேலு நிறைந்த மனசோடு டீச்சரிடம் வந்தார். ஆனாலும் ஆசை விடவில்லை.

"எல்லாம் எழுதிட்டேன் டீச்சர். கடைசியில ஒரே ஒரு பியூட்டிஃபுல் மட்டும் போட்டுக்கட்டுங்களா? பொய் இல்லீங்களே. வீடு அழகுதானுங்களே."

"அழகுதாண்ணா. சித்தியை அருமையானவங்கன்னு எப்பச் சொன்னீங்க?"

"கூட்டிட்டு வந்த பிறகு."

"நான் முதல்லயே சொன்னேனே. அப்ப அது உதவுச்சா?"

குழந்தைவேலு பேனாவை மூடினார்.