மணியடித்தபின் வந்த ஓலை

முன்னொரு காலத்தில் பாலைக்குன்ற நாட்டைத் திறல்மாறன் என்றொரு மன்னன் ஆண்டான். காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம் போடுவது அவன் குணம். ஒருநாள் ஏதோ எரிச்சலில், "காலை மணியடித்தபின் கோட்டைவாசலுக்கு வருவது எதுவாயினும் வராததே!" என்று ஆணையிட்டுவிட்டான்.

அந்த ஆணை அல்லியங்கோதையின் தலையில் விழுந்தது. கணவனை இழந்த அவளிடமிருந்து ஐந்து வயது மகளைப் பிரித்துத் தன்னிடம் தரவேண்டும் என்று மாமனார் வழக்குத் தொடுத்திருந்தார். தாய் குழந்தையைக் கவனிப்பதில்லையாம்! அதை மறுத்து ஊர்ச்சபையார் கையொப்பமிட்ட ஓலையோடு, ஆற்றுவெள்ளம் வடியக் காத்திருந்து அவள் வந்து சேர்ந்தபோது மணி ஓய்ந்திருந்தது.

அமைச்சர் கூத்தனார் அவளுக்காகப் பரிந்து பேசினார். ஓலை வாங்கும் அதிகாரி விடங்கருக்கோ அமைச்சர்மேல் தீராப் பொறாமை.

"வராத ஓலையை நான் எப்படி ஐயா வாங்குவது?" என்று இளித்தார்.

தாயின் தோளில் தூங்கும் குழந்தையைக் கூத்தனார் பார்த்தார். ஆனாலும் புன்னகை மாறாமல் கேட்டார்: "ஆணை எல்லார்க்கும் பொதுதானே?"

"அரசருக்கே ஆனாலும்!"

"வாயிற்காவலா, கேட்டுக்கொண்டாயா?" என்றார் கூத்தனார்.

உச்சிவேளையில், வழக்கை எடுக்குமுன் மன்னனுக்குப் பசியெடுத்தது. "சாப்பாடு எங்கே?"

காவலன் கைகட்டி நின்றான். "கோட்டைக்கு வெளியேயுள்ள மடைப்பள்ளியிலிருந்து வாழைப்பூ வடையோடு வந்தது, அரசே. மணியடித்தபின் வந்ததால் வரவில்லை என்று திருப்பிவிட்டேன். அரசருக்கே ஆனாலும் என்று விடங்கர் சொன்னாரே!"

"மூடா! பசிக்கு மணி தெரியுமா?"

"தெரியாது, அரசே," என்றார் கூத்தனார். "ஆற்றுவெள்ளத்துக்கும் தெரியாது." பிறகு அல்லியங்கோதையின் கதையைச் சொன்னார்.

மன்னன் தாடியைத் தடவினான். "ஆனால் நேரக்கெடு வேண்டாமா?"

"வேண்டும். எதிர்த்தரப்பு படித்துப் பதில் சொல்ல அவகாசம் வேண்டுமல்லவா? அதற்குத்தான் கெடு. ஓலையை இன்று அவர்களிடம் கொடுத்து, நாளைக்கு விசாரித்தால் யாருக்கு நட்டம்?"

மன்னன் வாய்விட்டுச் சிரித்து அப்படியே செய்தான்.

மறுநாள் மாமனார் சபையில் தலைகுனிந்து நின்றார். ஓலையின் முதல் கையொப்பமே அவருடைய சொந்த அண்ணனுடையது! "பேத்தி தாயிடமே வளரட்டும், அரசே. நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவருகிறேன்" என்றார். அல்லியங்கோதை மகளை இறுக அணைத்துக்கொண்டாள்.

மன்னன் கூத்தனாருக்குப் பட்டாடை போர்த்தினான். விடங்கரை நோக்கித் திரும்பினான்.

"வெள்ளக்காலம் முடியும்வரை நீர் அக்கரையிலேயே இருந்து ஓலை வாங்கும்!"

அந்த மழைக்காலம் முழுவதும், முழங்கால் சேற்றில் நின்றபடி, "வாருங்கள், வாருங்கள்!" என்று வழக்காடிகளை வரவேற்றவர் விடங்கரேதான்.