வானத்துக்கு வெள்ளையடிக்கக் கிளம்பிய ராஜா

செம்பியூர் ராஜ்ஜியத்தில் வெயில் தானாக ஏறவில்லை. ஏற்றினார்கள். வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலில், அரண்மனைக்குத் தூண் வேண்டுமென்று மேற்கே இருந்த காட்டை வெட்டினார்கள். அடுத்து, யானைக் கொட்டடிக்கு இடம் போதவில்லையென்று பெரிய ஏரியைத் தூர்த்தார்கள். மூன்றாவதாக, கோட்டைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புச் சூளை போட்டு ஏழு வருடம் புகையவிட்டார்கள். மூன்றுக்கும் ஓலையில் முத்திரை வைத்தவர் ராஜா வீரகண்டராயன். அந்தப் பெயரை அன்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் நாக்கை அறுப்பார்கள். 'மகாராஜா' என்றுதான் சொல்ல வேண்டும். இன்று தாராளமாகச் சொல்லலாம். அறுக்க ஆளில்லை.

நாலாவது தவறு நடக்க இருந்த நாளில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

மூன்று வருடமாக மழை இல்லை. ஊருக்கு வியர்த்தபோது எட்டிப் பார்க்காத அமைச்சர் மகரபூஷணர், ராஜாவுக்கு வியர்த்ததும் ஓடி வந்தார்.

"மகாராஜா, வெயில் எங்கிருந்து வருகிறது? மேலேயிருந்து. அங்கேயே மறித்துவிடுவோம். சுண்ணாம்பையும் பளபளக்கும் காக்காப்பொன் கல்லையும் மாவாக அரைத்து, ஆயிரம் ஆகாசவாணத்தில் அடைத்து, மேகத்துக்கும் மேலே போய் வெடிக்க விடுவோம். பொடி அங்கேயே மிதக்கும். வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்!"

ஒரு பிடி பொடியை ஜன்னல் வெளிச்சத்தில் ஊதிக் காட்டினார். சபையே மின்னியது. ராஜா கைதட்டினார்.

"சுண்ணாம்பு சுட விறகு?"

"நெடுங்கரை இலுப்பைத்தோப்பு ஒன்றுதான் பாக்கி, மகாராஜா. முந்நூறு மரம். வெட்டச் சொல்லி ஓலை தயார். முத்திரைதான் விழ வேண்டும்."

சபையில் வேடிக்கை பேசி ராஜாவைச் சிரிக்க வைக்கும் வேம்பன் ஓலையை எட்டிப் பார்த்தான். நெடுங்கரை அவன் ஊர். அந்தத் தோப்பின் இலுப்பைப்பூவை வறுத்துத் தின்றுதான் மூன்று வருடமும் ஊர் உயிரோடு கிடந்தது. கெஞ்சிப் பயனில்லை. காட்டுக்குக் கெஞ்சினான், ஏரிக்குக் கெஞ்சினான், சூளைக்கும் கெஞ்சினான். ஆகவே இந்தத் தடவை சிரித்தான்.

"அபாரம், அமைச்சரே! பொடி எத்தனை நாள் மிதக்கும்?"

"ஒரு வருடம். பிறகு மறுபடி வெடிக்க விடுவோம்."

"நிறுத்திவிட்டால்?"

"மறித்து வைத்த வெயில் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். நிறுத்தவே கூடாது."

"நல்லது. மழை?"

"ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். அதையெல்லாம் பார்த்தால் காரியம் நடக்குமா?"

"நடக்காதுதான். மகாராஜா, முத்திரையை நாளைக்கு வையுங்கள். இவ்வளவு பெரிய காரியத்துக்குச் சாட்சி வேண்டாமா? ஊர் நாட்டாண்மைகளை நான் அழைத்து வருகிறேன்."

மறுநாள் நாற்பது நாட்டாண்மைகள் வந்தார்கள். கூடவே நெடுங்கரைச் சடைச்சியும் ஆளுயர வைக்கோல் பொம்மையோடு வந்தாள். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊரெல்லையில் எரிப்பார்களே, அதைக் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வந்தவள் நேரே போய் அமைச்சரின் தொந்தியைக் கயிற்றால் அளந்தாள்.

"ஏய்! என்ன செய்கிறாய்?"

"அசையாதீங்க சாமி. இன்னும் ரெண்டு கட்டு வைக்கோல் பிடிக்கும் போலிருக்கே!"

வேம்பன் கைகூப்பினான். "மகாராஜா, இதுவரை எங்கள் கொடும்பாவிக்கு முகம் கிடையாது. யார் செய்த பாவத்தால் மழை நின்றதென்று யாருக்குத் தெரியும்? வானம் யார் கையிலும் இல்லையே. இன்றுமுதல் வானம் அமைச்சர் கையில். ஆள் தெரிந்துவிட்டது. மழை குறைந்தாலும் அவர்தான், வெள்ளம் வந்தாலும் அவர்தான், பக்கத்து நாட்டில் பயிர் கருகினாலும் அவர்தான். வருடா வருடம் இழுப்போம். நிறுத்தவே கூடாதாமே!"

அமைச்சர் இரண்டடி பின்னால் போனார். "நான் யோசனைதான் சொன்னேன். முத்திரை மகாராஜாவுடையது!"

சடைச்சி கயிற்றோடு சிம்மாசனத்துப் பக்கம் திரும்பினாள். "அப்போ மீசைக்குக் குதிரைமயிர் வேணும்."

"நில்லடி! யோசனை அவருடையது!" என்று ராஜா கத்தினார்.

"ஆணை மகாராஜாவுடையது!"

"பொடி உம்முடையது!"

"நாடு மகாராஜாவுடையது!"

நாட்டாண்மைகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா ஓலையைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். "இதற்கு வெயிலே தேவலை! அந்தத் தோப்பை இனி ஒருவரும் தொடக் கூடாது!" சொல்லி முடித்ததும் தன் பயம் தனக்கே வேடிக்கையாகப் பட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னைத் தப்ப வைத்தாய், வேம்பா. என்ன வேண்டும், கேள். கொடுத்தேன்."

"பொன் வேண்டாம், மகாராஜா. பொம்மையைக் கட்டியாயிற்று. கட்டியதைப் பிரிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதன் கழுத்தில் ஓர் ஓலை தொங்குகிறது. அதைச் சாட்சிகள் கேட்கத் தாங்கள் வாசிக்க வேண்டும். எங்களில் யாருக்கும் கடைசி வரி வாயில் வரமாட்டேன் என்கிறது."

"படிக்காத ஜனங்கள்!" என்று ராஜா மறுபடி சிரித்தார். அமைச்சரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஓலையை எடுத்துக் கணீரென்று வாசித்தார்.

"முதலில், காட்டை வெட்டியவர். அடுத்து, ஏரியைத் தூர்த்தவர். மூன்றாவதாக, சூளை மூட்டியவர். இந்த மூன்றையும் செய்து மழையை விரட்டியவர் பெயர்..."

சிரிப்பு நின்றது. நாற்பது நாட்டாண்மைகளும் எழுந்து நின்றார்கள். கொடுத்த வாக்கை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். ராஜா வேம்பனைப் பார்த்தார். வேம்பன் பணிவாகத் தலை குனிந்து காத்திருந்தான்.

"வீரகண்டராயன்."