பரிவட்டத்துக்கு நீண்ட தலை

செங்குள நாட்டை ஆண்ட மதிதர ராஜா நல்லவர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று அவருக்குத் தோன்றிவிடும். இது தெரிந்துதான் தலைமை மந்திரி பேரருளாளர் எந்தச் சபையிலும் கடைசியாகவே வாய் திறப்பார்.

மந்திரிக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. நல்லது நடந்தால் "நான் செய்தேன்" என்பார். கெட்டது நடந்தால் "ஆவுடையப்பர் செய்துவிட்டுப் போனது" என்பார். ஆவுடையப்பர் அவருக்கு முன்பு மந்திரியாக இருந்தவர். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. எழுந்து வந்து மறுக்கவா போகிறார்? கிணறு வற்றினால் ஆவுடையப்பர். தேர் அச்சு முறிந்தால் ஆவுடையப்பர். பட்டத்து யானைக்கு வயிறு கெட்டபோதுகூட ஆவுடையப்பர்தான். உயிரோடு இருந்தபோதுகூட அந்த மனிதர் அவ்வளவு வேலை பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் பெரிய ஏரி உடைந்தது. காரணம் ஊருக்கே தெரியும். அயல்நாட்டுத் தூதர் வரும்போது ஏரி கடல் மாதிரி ததும்ப வேண்டும் என்று பேரருளாளர் ஆசைப்பட்டார். மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கின் மேல் இரண்டு முழம் சுவர் எழுப்பச் சொன்னார். மதகையும் திறக்கக் கூடாது என்றார். தூதர் வந்தார், "ஆஹா!" என்றார், போய்விட்டார். மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போயிற்று. ஏழு ஊர்ச் சம்பாப் பயிரும் சேற்றோடு போயிற்று.

சபை கூடியது. "யார் இதற்குப் பொறுப்பு?" என்று சீறினார் ராஜா.

"சந்தேகமென்ன பிரபு? ஆவுடையப்பர்தான்" என்றார் மந்திரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "கரையை அன்றைக்கே பலமாகக் கட்டியிருந்தால் இன்றைக்கு உடையுமா? இந்த ஏரியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இன்றுவரை அவரே பொறுப்பு."

ராஜாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. செத்தவரை எப்படித் தண்டிப்பது? "அவர் வீட்டைப் பறிமுதல் செய்யுங்கள்! அவர் மனைவி உலகம்மை, ஏரித் திருவிழா முடிந்ததும் ஊரைவிட்டே போகட்டும்!"

ராஜாவுக்குக் கதை சொல்லும் குழைக்காதர் மூலையில் உட்கார்ந்திருந்தார். உலகம்மையின் நிலைமை அவருக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. மந்திரியை நேராகக் குற்றம் சொல்லலாமா? ஆதாரம் கேட்பார். சுவர் எழுப்பச் சொன்னது வாய்மொழி உத்தரவு. கட்டிய ஆட்களோ மந்திரி பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள்.

குழைக்காதர் எழுந்து கும்பிட்டார். "பிரபு, மந்திரியார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை."

மந்திரி திடுக்கிட்டார். இந்த ஆள் தம்மை ஆமோதிப்பது இதுதான் முதல் தடவை.

"ஆனால் ஒரு சின்னச் சிக்கல். திருவிழாவில் தலையில் கட்டும் அம்மன் கோயில் பட்டுப் பரிவட்டம் யாருக்கு? ஏரிக்குப் பொறுப்பானவருக்கு. அதுதானே வழக்கம்? பாவம், பன்னிரண்டு வருஷமாக மந்திரியார் அதைத் தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். பொறுப்பு ஆவுடையப்பருடையது என்றால் முதல் மரியாதையும் அவர் வீட்டுக்குத்தானே? இந்த வருஷமும் மாறிப்போனால் அம்மன் சும்மா இருப்பாளா?"

"நியாயம்!" என்றார் ராஜா. "மந்திரியாரே, என்ன சொல்கிறீர்?"

மந்திரிக்கு வேறு வழியில்லை. மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வார். "முறைப்படி நடக்கட்டும் பிரபு" என்றார், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு.

திருவிழாக் காலையில் ஏழு ஊர்ச் சனமும் ஏரிக்கரையில் கூடியிருந்தது. உடைப்பு இன்னும் வாய் பிளந்து கிடந்தது; கலிங்கின் மேல் அந்தச் சுவரும் அப்படியே நின்றது. ராஜா பந்தலில் உட்கார்ந்திருந்தார். மந்திரி யாரும் கூப்பிடாமலே பட்டு உடுத்தி வந்து முன்வரிசையில் நின்றார். அவருடைய சம்பந்தி வீட்டார் வேறு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஐயா, வீட்டைப் பிடுங்கிட்டு எனக்கு எதுக்குய்யா பட்டு?" என்று உலகம்மை கண்கலங்கினார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா" என்றார் குழைக்காதர். "நீங்க தலையைக் குனிஞ்சா போதும். ஆனா மெதுவா. ரொம்ப மெதுவா."

மேளம் முழங்கியது. பூசாரி தட்டில் பரிவட்டத்தோடு வந்தார். "ஏரிக்குப் பொறுப்பானவங்க முன்னால வரலாம்!"

உலகம்மை முன்னே வந்தார். தலையை மெதுவாகக் குனிந்தார். மந்திரியின் காது சிவந்தது. சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ கிசுகிசுத்தாள். குழைக்காதர் யாரையும் பார்க்காமல், "இனி வருஷா வருஷம் இந்த அம்மா வீட்டுக்குத்தான்" என்றார்.

"நிறுத்துங்கள்!" மந்திரி பாய்ந்து வந்து இருவருக்கும் நடுவே தலையை நீட்டினார். "செத்தவன் வீட்டுக்கு என்ன மரியாதை? பன்னிரண்டு வருஷமாக இந்த ஏரி என் கையில் இருக்கிறது! என்னைக் கேட்காமல் ஒரு மதகுப் பலகை அசைந்ததுண்டா? கலிங்கில் ஒரு செங்கல் ஏறியதுண்டா?"

பூசாரி பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் பரிவட்டத்தை அந்தத் தலையில் கட்டிவிட்டார். மேளம் தானாக நின்றது.

ராஜா எழுந்தார். "அப்படியானால் கலிங்கின் மேல் சுவர் ஏறியதும் உம்மைக் கேட்டுத்தானா?"

"அது வந்து பிரபு... ஆவுடைய..." என்று மந்திரி ஆரம்பித்தார். சனம் முடிக்க விடவில்லை. கரை முழுக்க ஒரே சிரிப்பு.

"உலகம்மை அம்மாளின் வீட்டை யாரும் தொடக் கூடாது" என்றார் ராஜா. "பேரருளாளரே, இன்றோடு உமக்கு மந்திரி வேலை இல்லை. இந்த உடைப்பு அடைபடும்வரை கூலியாட்களோடு நின்று நீரும் மண் சுமக்க வேண்டும்!" பிறகு தம் கை மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதருக்குக் கொடுத்தார்.

அவமானத்தில் பேரருளாளர் பரிவட்டத்தை அவிழ்க்கக் கை தூக்கினார். குழைக்காதர் பதறிக்கொண்டு ஓடி வந்து தடுத்தார்.

"ஐயையோ, அவிழ்க்காதீர்கள்! முதல் கூடை மண் ஏறும்போது சும்மாட்டுக்கு எங்கே போவீர்கள்?"