உபகாரிக்காக விழித்திருந்தவள்

மதர் தெக்லாவுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவைவிட வயதில் மூத்த சீடர். விடுதிக் காப்பாளர் சிஸ்டர் எமரன்சிதான் அவர்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மடத்துத் தலைவியாக மாற்றலாகி வந்த ஒரு சின்னப் பெண்ணை, தலை நரைத்த பிறகு 'மதர்' என்று கூப்பிடுவது எமரன்சிக்கு முதலில் கசப்பாகத்தான் இருந்தது. போகப் போக, மனசுக்குள் ஏதாவது முள் குத்தினால் கால் தானாக மதரின் அறைப் பக்கம் நடக்கப் பழகிவிட்டது.

கரிசல் காட்டின் ஓரத்தில் இருந்தது அந்தக் கன்னியர் மடம். மடத்தை ஒட்டிப் பள்ளியும் விடுதியும். விடுதிப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கட்டணம் கட்ட வழி கிடையாது. அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கோ ஓர் உபகாரி இருந்தார். அவர் பணம் அனுப்புவார், பிள்ளை படிக்கும்.

பதிலுக்குப் பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான். மாலைச் செபமாலை முடிந்ததும், கோயிலில் முழந்தாளிட்டுத் தன் உபகாரியின் பெயரைச் சொல்லி, அவர் நல்லபடியாக இருக்க மாதாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்ல வேண்டும். காலங்காலமாக நடக்கும் வழக்கம். இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை என்ற வித்தியாசமெல்லாம் இதில் பார்ப்பதில்லை.

மாரிக்கனி ஏழாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். அவளுடைய உபகாரி தூத்துக்குடியில் தோணி வைத்திருந்த லசார் மோத்தா. ஒருமுறை நெஞ்சுவலி வந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய பிறகு உதவி செய்ய ஆரம்பித்தவர். மார்க்கு எவ்வளவு, ரேங்க் எத்தனை என்றெல்லாம் அவர் கேட்டதே இல்லை. போன் செய்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"எம் பிள்ள செபம் சொல்லுதா சிஸ்டர்? ஒருநாளும் விடலியே?"

"விடுமா ஐயா? தெனமும் சொல்லுது."

மனிதர் அப்புறம்தான் மூச்சே விடுவார். அது போனில் நன்றாகக் கேட்கும்.

ஒருநாள் மாலைச் செபத்தில் மாரிக்கனி தூங்கி விழுந்தாள். எமரன்சி பின்னால் வந்து உச்சந்தலையில் குட்டினார்.

"தூங்கு பிள்ள, நல்லாத் தூங்கு. நீ இங்க தூங்குனா அங்க உன் உபகாரிக்கு உசுரு நிக்காது. பொறவு பெட்டியக் கட்டிக்கிட்டு கரிமூட்டத்துக்கே போ."

இது எமரன்சி வழக்கமாகப் போடும் அதட்டல்தான். அவரும் சின்ன வயதில் இதே அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர். அதட்டல் எப்போதும் போல வேலை செய்தது. வரிசை முழுக்க முதுகுகள் நிமிர்ந்தன.

அந்த வாரமே லசார் மோத்தா தோணித்துறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் பேச்சு இல்லை என்றும் அவர் மகன் போனில் சொன்னார். "வேண்டிக்கிடுங்க சிஸ்டர்."

எமரன்சி கோயிலில் அறிவித்தார். எல்லாரும் வேண்டிக்கொண்டு, எழுந்து சாப்பிடப் போனார்கள்.

மாரிக்கனி எழவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பள்ளி மணி அடித்தால் வகுப்புக்குப் போவாள். விட்டதும் நேராகக் கோயில். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள். படுக்கையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பாள். தூக்கம் வந்தால் தொடையைக் கிள்ளிக்கொள்வாள். தொடையெல்லாம் கன்றிப்போயிருந்தது.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் எமரன்சி கோயிலுக்குள் போனபோது பீடத்துக்கு முன்னால் அவள் மட்டும் முட்டி போட்டிருந்தாள். முழங்கால் தோல் உரிந்து பாவாடையில் ஒட்டியிருந்தது.

"எந்திரி பிள்ள."

"மாட்டேன் சிஸ்டர்."

"எந்திரிங்கேன்ல?"

"நான் எந்திரிச்சா அவுக செத்துப்போயிருவாக."

எமரன்சி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏ பிள்ள, அது நான் சும்மா சொன்னது. நீ தூங்குனதுக்கும் அவருக்கு முடியாமப் போனதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள். குழி விழுந்த கண்கள்.

"அப்ப நம்ம செபம் சொல்லுறதுக்கும் அவுக நல்லா இருக்கதுக்கும் சம்பந்தம் கெடையாதா சிஸ்டர்?"

எமரன்சி அந்தக் கேள்விக்கு முன்னால் அதற்குமேல் உட்கார முடியாமல், எழுந்து வேகமாக வெளியே வந்தார். இந்தப் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டால்? அந்தத் தாயும் தகப்பனும் வந்து நின்றால் என்ன முகத்தோடு பார்ப்பது?

மதர் தெக்லா சாப்பாட்டு அறையில் இருந்தார். எமரன்சி நடந்ததை எல்லாம் சொன்னார். தலையில் குட்டியதையும் அதட்டியதையும்கூட மறைக்கவில்லை.

"செபத்தப் பொய்யின்னு சொல்ல என்னால முடியாது மதர். அவ பயத்த மெய்யின்னும் சொல்ல முடியாது. நான் அவகிட்ட என்னதான் சொல்ல?"

மதர் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு என்ன குழம்பு சிஸ்டர்?"

"கருவாட்டுக் கொழம்பு."

"போடுங்க."

எமரன்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு பிள்ளை உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது, இங்கே இவர் குழம்பு கேட்கிறார்! ஆனாலும் பரிமாறினார். மதர் நிதானமாக, இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு தட்டில் சோறு போடச் சொல்லி, அதைத் தானே எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

மாரிக்கனி அதே இடத்தில் இருந்தாள்.

"பெரிய வியாழன் ராத்திரி ஆராதனை நடக்குமே, பாத்திருக்கியா?" என்று கேட்டார் மதர்.

"பாத்திருக்கேன் மதர்."

"ஒரே ஆளா விடிய விடிய முழிச்சிருப்பாங்க?"

"இல்ல. மொற மாத்துவாக. ஒரு வகுப்பு போனா இன்னொரு வகுப்பு வரும்."

"உன் முறை முடிஞ்சது. இது என் முறை. தள்ளு."

மாரிக்கனி தயங்கினாள்.

"நீங்க விட்டுற மாட்டீகளே மதர்?"

"என் முறையில நடக்கிறது என் பொறுப்பு."

பிள்ளை மெதுவாக நகர்ந்தாள். மதர் அந்த இடத்தில் முட்டி போட்டு, லசார் மோத்தாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். மாரிக்கனி சோற்றை அவசர அவசரமாக வாரி வாரித் தின்றாள். கடைசிக் கவளம் தொண்டையில் இறங்குமுன் கண் செருகியது. கையைக்கூடக் கழுவாமல் அங்கேயே தரையில் சாய்ந்துவிட்டாள். எமரன்சி பின் பெஞ்சில் உட்கார்ந்து ஏசுவுக்கு நன்றி சொன்னார்.

வெளியே உச்சி வெயில். கோயிலுக்குள் மின்விசிறி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மதரின் குரல் முதலில் தெளிவாக வந்தது. பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு முதல் பாதி மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

எமரன்சி எட்டிப் பார்த்தார். மதர் முன் பெஞ்சின்மேல் கைகளை மடக்கி, அதில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டைவேறு.

இந்தப் பிள்ளை இப்போது கண் விழித்தால் என்ன ஆகும்? எமரன்சி பதறி எழுந்து முன்னால் ஓடினார். பழக்க தோஷம், கை உச்சந்தலைக்கு மேலே போய்விட்டது. மதரின் தலையில் எப்படிக் குட்டுவது? கை அந்தரத்திலேயே நின்றது.

அப்போது ஆபீசில் போன் அடித்தது.

ஓடிப்போய் எடுத்தார். லசார் மோத்தாவின் மகன்.

"அப்பா போயிட்டாக சிஸ்டர். இப்பத்தான்."

எமரன்சி ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சொன்னாரா இல்லையா என்று பிறகு நினைவும் இல்லை. மறைத்துவிடலாமா? நாளைக்குச் சொல்லலாமா? மதரை எழுப்பிவிட்ட பிறகு செய்தி வந்ததாகச் சொன்னால்? மடத்தில் இத்தனை வருஷம் இருந்தவருக்குப் பொய்கள் எவ்வளவு வேகமாக வந்து வரிசையில் நின்றன!

கோயிலுக்குத் திரும்பியபோது எல்லாம் கை மீறிப்போயிருந்தது. மாரிக்கனி எழுந்து உட்கார்ந்து, தூங்கும் மதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் சத்தத்தில் விழித்திருக்க வேண்டும். பிறகு எமரன்சியின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மதர்!"

பிள்ளை போட்ட கூச்சலில் மதர் திடுக்கிட்டு எழுந்தார். பெஞ்சின் விளிம்பு கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது.

"நீங்க தூங்கிட்டீக மதர்."

"ஆமா. தூங்கிட்டேன்."

"அவுக செத்துப்போயிட்டாக."

மதர் எமரன்சியைப் பார்த்தார். எமரன்சி தலையசைத்தார். மதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கண் கலங்கியது.

பிறகு மதர் அந்தப் பிள்ளைக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் கொன்னுட்டேனா மாரிக்கனி?"

இப்படியும் ஒரு கேள்வியை ஒரு பிள்ளையிடம் கேட்பார்களா?

மாரிக்கனி மதரின் முகத்தையே பார்த்தாள். கன்னத்தில் இருந்த கோட்டைப் பார்த்தாள். கலைந்திருந்த முக்காட்டைப் பார்த்தாள்.

"இல்ல மதர்," என்றாள் கடைசியில். "நீங்க அலுப்புல தூங்குனீக."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"ஆமா மதர். சோறு தின்னா தூக்கம் வரத்தான் செய்யும். நீங்க என்ன செய்வீக?"

"சரி," என்றார் மதர்.

மாரிக்கனி இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். உதடு கோணியது. லசார் மோத்தா விழுந்த நாளிலிருந்து அழாத பிள்ளை, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மதர் தடுக்கவில்லை. எமரன்சியும் அழுதுகொண்டிருந்தார், அது அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அன்று மாலை மாரிக்கனி தன் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் வந்து நின்றாள்.

"நான் எங்க அம்மாவுக்குச் சொல்லிவிடணும் மதர். வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"எதுக்கு?"

"உபகாரி இல்லேல்லா. பெட்டியக் கட்டணும்னு சிஸ்டர் சொன்னாக."

மதர் எமரன்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எமரன்சிக்குப் பார்த்ததைவிடச் சுட்டது.

"திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை இருக்கா இல்லையா?"

"இருக்கு மதர்."

"பெட்டியை உள்ள வச்சிட்டுப் போய்ப் படி."

மறுநாள் லசார் மோத்தாவின் அடக்கத்துக்கு மதரும் எமரன்சியும் மாரிக்கனியும் போய் வந்தார்கள். மாலைச் செபத்தில் மாரிக்கனி அவர் ஆன்மா இளைப்பாற ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னாள். ஒன்றே ஒன்று. சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளோடு எழுந்து சாப்பிடப் போனாள்.

எமரன்சி கோயில் கதவைச் சாத்திவிட்டு மதரோடு நடந்தார். மழைக்கு முந்திய காற்று குளிர்ந்து வீசியது.

"நீங்க வேணும்னுதான மதர் தூங்குனீங்க?"

"முழிச்சிருக்கணும்னுதான் சிஸ்டர் முட்டி போட்டேன்."

நம்புவதா வேண்டாமா என்று எமரன்சிக்குத் தெரியவில்லை.

"அடுத்த வருசம் அவளுக்கு யாரு கட்டுவா? ஒருத்தரும் வரலேன்னா?"

"பயமாத்தான் இருக்கு. நாளைக்குத் திரும்பத் தூத்துக்குடி போறேன். நாலு கதவைத் தட்டிப் பாக்கணும்."

மதர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை எமரன்சி அன்றுதான் கேட்டார்.

"நீங்களும் உபகாரி தயவுல படிச்சவங்கதானே சிஸ்டர்?"

"ஆமா மதர். ஜெர்மனியில ஒரு அம்மா. போட்டோவுலயே கெழவியாத்தான் இருப்பாங்க."

"இருக்காங்களா?"

"எப்படி மதர் இருப்பாங்க? எத்தன வருசமாச்சு."

"அவங்களுக்காக இன்னும் சொல்றீங்களா?"

எமரன்சியின் நடை நின்றுவிட்டது. காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னார். பெற்ற தாய் இறந்த அன்றும் சொன்னார். ஒருநாள் விட்டதில்லை.

"சொல்லுதேன் மதர். விட்டா என்னமும் ஆயிருமோன்னு..."

நரைத்த தலைக்குள் ஒரு சின்னப் பிள்ளை குட்டு வாங்கிய இடத்தைத் தடவிக்கொண்டு இன்னும் முட்டி போட்டுக்கொண்டுதான் இருந்தது. மதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் செபத்துல அவ மறுபடியும் தூங்கிட்டா, நான் என்ன செய்ய மதர்?"

"போர்த்தி விடுங்க."