தாவுல்காரர் மிஷின் பழகிய கதை

"எந்தப் பொத்தானை அமுக்கினா எல்லாரும் எழுந்து ஆடுவாங்க, உஸ்தா?"

கேட்டவர் ஷெவ்கெத். வயசு ஐம்பத்தெட்டு.

உஸ்தா என்றால் துருக்கியில் ஆசான். இந்த ஆசானுக்கு வயசு இருபத்தேழு. பெயர் பெர்ரின். காஸியான்தெப் ஊரில் கல்யாணங்களுக்கு மிஷினில் பாட்டுப் போடும் டிஜே.

"அப்படி ஒரு பொத்தான் இருந்தா அதை மட்டும் வச்சுக்கிட்டு மீதி மிஷினை வித்திருப்பேன், மாமா."

"மாமான்னு கூப்பிடாதே. நான் இப்போ உன் சிஷ்யன்."

"சரி, சிஷ்யரே. ஒயரை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

ஷெவ்கெத் காலை எடுத்துக்கொண்டார்.

அவர் நாற்பது வருஷமாகத் தாவுல் அடிக்கிறவர். பேர் நம் தவில் மாதிரி இருந்தாலும் தாவுல் அதைவிடப் பெரிசு. தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தடியாலும் மறு பக்கம் மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். ஆடுகிறவர்களுக்கு எதிரே குனிந்து, அவர்கள் காலோடு காலாக நகர்ந்து அடிப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள், ஹூல்யா. கம்பளத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் நிச்சயமானதும் அவள் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தாவுல் வேணாம்ப்பா."

ஷெவ்கெத் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பாட்டு வந்தா என் சிநேகிதிங்க உக்காந்துடறாங்க. எங்க பாட்டு வந்தா அத்தைங்க எல்லாம் உக்காந்துடறாங்க. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கூத்துதான். என் கல்யாணத்துல எல்லாரும் ஒரே வரிசையில விரல் கோத்து ஆடணும்."

"நான் ஆட வைக்கிறேன்."

"தாவுல் அடிச்சா?"

"மிஷின்ல."

ஹூல்யா சிரித்தாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒரே ஒரு தடவைதான்ப்பா. ஆடுற இடம் காலியாச்சுன்னா பெர்ரின் அக்காகிட்ட குடுத்துடணும்."

"சரி."

அதற்காகத்தான் பெர்ரினிடம் வந்திருந்தார்.

பெர்ரின் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டாள்.

"இந்தப் பக்கம் ஒரு பாட்டு. அந்தப் பக்கம் ஒரு பாட்டு. நடுவுல இருக்கிற இந்தக் கட்டையைத் தள்ளினா இது போய் அது வரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எப்போ தள்ளணும்?"

பெர்ரின் சூரியகாந்தி விதையைக் கொறித்தாள். தோலைத் துப்பினாள்.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் தோல்தான் வந்தது.

பத்து நாள் இப்படிப் போச்சு. கடைசியில் ஷெவ்கெத் தானே உட்கார்ந்து, மிஷின் திரையில் ஓடும் தாளக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

"நூத்தி இருபத்தெட்டாவது தாள அடியில தள்ளணும். கணக்கு சரியா, உஸ்தா?"

பெர்ரின் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"கணக்கு சரி" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் கல்யாணம்.

மண்டபத்தில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. அதன் பக்கத்திலேயே இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு யாரோ கைக்குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். அது வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

தொழிற்சாலைப் பெண்கள் துள்ளித் துள்ளி ஆடினார்கள். பெரியவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஷெவ்கெத் தொப்பிக்கு மேலேயே ஹெட்போனை மாட்டியிருந்தார். கண் திரையில். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

நூற்று இருபத்தாறு. நூற்று இருபத்தேழு.

தள்ளினார்.

ஸ்பீக்கரில் ஸுர்னா வீறிட்டது. அது அவர்கள் ஊர் நாயனம். பின்னாலேயே தாவுல். ஹலாய்ப் பாட்டு, சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு வரிசையாக ஆடுவது.

துள்ளியிருந்த பெண்கள் கீழே வந்தபோது புதுத் தாளத்தில் கால் வைக்க இடம் தெரியவில்லை. அப்படியே நின்றார்கள்.

"ஹூல்யா, உங்கப்பா எதையாவது மிதிச்சுட்டாராடி?"

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்கள்.

பெரியவர்கள் எழுந்தார்கள். பாதி தூரம் வந்தார்கள். நடுவில் யாருமே இல்லையென்றதும் கூச்சப்பட்டுத் திரும்பினார்கள்.

ஹூல்யா மட்டும் நின்றாள். வெள்ளை உடை, இடுப்பில் சிவப்பு ரிப்பன். அப்பாவைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவருக்குத் தேவலை.

ஷெவ்கெத் ஹெட்போனைக் கழற்றிப் பெர்ரின் கையில் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்து வேறு பாட்டுப் போட்டாள். பெண்கள் ஓடி வந்தார்கள்.

"கணக்கு சரின்னுதானே சொன்னே?"

"சரிதான்."

"அப்புறம் என்ன?"

தேநீர்த் தட்டோடு ஒருவன் போய்க்கொண்டிருந்தான். பெர்ரின் அதை வாங்கினாள். இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் பன்னிரண்டு. விளிம்புவரைக்கும் தேநீர்.

"சம்பந்தியம்மா எதிர்ப் பக்கம் உக்காந்திருக்காங்க. குடுத்துட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

"சுவரோரமா சுத்திப் போறேன்."

"நடுவுல போங்க."

"ஆடிக்கிட்டு இருக்காங்களேம்மா!"

"அதனாலதான்."

பெண்ணைப் பெற்றவர் தட்டைத் தூக்கினார். காது சிவந்துவிட்டது.

"என்ன ஷெவ்கெத், தாவுலை விட்டுட்டு டீக்கடையா?" என்று ஒருவர் கத்தினார்.

"எனக்கு சர்க்கரை ரெண்டு!" என்றார் இன்னொருவர்.

அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கை வீசியது, கூந்தல் வீசியது, முழங்கை வீசியது. எங்கே போவது?

குனிந்தார். கால்களைப் பார்த்தார்.

அப்புறம் நடந்தார். நின்றார். இரண்டு எட்டு வைத்தார். ஒரு முழங்கை அவர் மூக்குப் பக்கமாகப் போனது. மறுபடியும் நடந்தார்.

சம்பந்தியம்மா ஒரு கோப்பையை எடுத்துத் தட்டை உற்றுப் பார்த்தார்.

"அட, ஒரு சொட்டு சிந்தலையே!"

மீதியைச் சுவரோரம் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஷெவ்கெத் காலித் தட்டோடு அதே வழியில் திரும்பி வந்தார்.

"எங்கே நுழைஞ்சீங்க?" பெர்ரின் கேட்டாள்.

"இடம் வந்தப்போ நுழைஞ்சேன்."

"எத்தனாவது அடியில?"

"யாரு எண்ணினா? அந்தப் பச்சைப் பாவாடைப் பொண்ணு காலைத் தூக்..."

நிறுத்திவிட்டார்.

பெர்ரின் ஒரு விதையைக் கடித்தாள்.

"எழுந்திரு மகளே."

"சிஷ்யர் ஆசானை எழுப்பறதாவது!"

"எழுந்திருன்னா எழுந்திரு!"

உட்கார்ந்தார். தட்டைத் திரைக்கு முன்னால் நிறுத்தி வைத்தார். கோடுகள் மறைந்தன.

மறு பக்கத்தில் ஹலாய்ப் பாட்டைத் தயாராக வைத்து, கட்டையில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பச்சைப் பாவாடை காலைத் தூக்கியது. அவர் தள்ளவில்லை. பக்கத்துப் பெண் தூக்கினாள். தள்ளவில்லை.

ஹூல்யா தூக்கினாள். எல்லோரும் தூக்கினார்கள். தள்ளினார்.

கால்கள் இறங்கின. தாவுலின் அடி மேலேயே இறங்கின.

யாரும் நிற்கவில்லை. ஒரு கை இன்னொரு கையைத் தேடியது. சுண்டுவிரல் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டது. வரிசை சுவரோரமாக வளைந்து வந்தபோது அத்தைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சம்பந்தியம்மா தேநீர்க் கோப்பையோடே வந்து ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

வரிசையின் தலையில் ஹூல்யா. மூச்சிரைக்க, முகமெல்லாம் வேர்வை. மிஷின் பக்கம் வந்தபோது கத்தினாள்.

"அப்பா! எங்க பாட்டு எப்போப்பா முடிஞ்சுது?"

ஷெவ்கெத்தின் காதில் விழவில்லை. அவர் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.