ஆறிப்போன டீ

கால்வாய்க்கரைக் குடிசைப் பிள்ளைகளுக்கு ஒரு பால்வாடி வேண்டுமென்று மனு போட்டிருந்தாள், குப்பை பொறுக்கும் பவுனம்மா. விசாரிக்க அவள் குடிசைக்கே வந்தார் தொண்டு நிறுவனத் தலைவர் குலசேகரன்.

"ஊரே எங்களை ஒதுக்குதுன்னு எழுதியிருக்கே. அதை இப்பவே என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா பால்வாடி கிடையாது!"

"காட்டுறேன் சார். முதல்ல டீ குடிங்க."

"இப்பத்தாம்மா குடிச்சேன்," என்று டம்ளரைத் தள்ளி வைத்தவர், தன் பாட்டில் தண்ணீரைக் குடித்தார். "எங்கே ஆதாரம்?"

"உங்க முன்னாலதான் ஆறிக்கிட்டிருக்கு சார்."

குலசேகரனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆடை படிந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பால்வாடிக்கு இடம் காட்டும்மா," என்றார்.

"ஐயோ, ஆறினதை ஏன் குடிச்சீங்க? கேட்டிருந்தா சூடா வேற போட்டுத் தந்திருப்பேனே!"

அந்த வார்த்தைக்குத்தான் மனுஷர் இன்னும் கூனிக்குறுகிப் போனார்.